வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் மின்தடையும் மின்திறனும்: எங்கே அளந்தீர்கள், எப்போது அளந்தீர்கள்?

திருவொற்றியூரில் எலக்ட்ரீஷியன் தொழிற்பயிற்சி பெறும் மாணவர் ஒருவர், தம் வீட்டிலுள்ள மூன்று சாதனங்களை மல்டிமீட்டரும், வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரும் கொண்டு அளந்து பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 222 வோல்ட்டில் 4.2 ஆம்பியர் எடுத்தது. பிளக்கைக் கழற்றி வைத்து அளந்தபோது 51 ஓம் காட்டியது. கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போனது. 100 வாட் குண்டு பல்போ, சூத்திரப்படி (230 × 230 ÷ 100) 529 ஓம் வர வேண்டிய இடத்தில் 38 ஓம்தான் காட்டியது. ஒரு ஹெச்.பி. தண்ணீர் மோட்டார் 224 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் எடுத்தது. அதன் வைண்டிங்கின், அதாவது உள்ளே சுற்றிய கம்பிச்சுருளின், மின்தடை வெறும் 3 ஓம். சூத்திரம் ஒன்றாக இருக்க, அது ஏன் ஒன்றுக்குப் பொருந்தி மற்ற இரண்டுக்கும் பொருந்தவில்லை என்பதும், மின்தடை கூடினால் திறன் கூடுமா குறையுமா என்பதில் புத்தகமே ஏன் இரண்டு விதமாகச் சொல்கிறது என்பதும் அவர் கேட்டவை.

தம்பி, நீங்கள் எடுத்த அளவுகள் எல்லாமே நம்பத்தக்கவை. சூத்திரத்திலும் குறை இல்லை. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றும் ஒரே பொருளின் அதே இரண்டு முனைகளுக்கு, ஒரே நிலையில், ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டவையாக இருந்தால்தான் அவற்றை ஒரு சமன்பாட்டுக்குள் சேர்த்து எழுதலாம் என்பதைத்தான் நீங்கள் கவனிக்கத் தவறியிருக்கிறீர்கள். ஒன்றைச் சூடாக இருக்கும்போதும் இன்னொன்றை ஆறிய பிறகும், ஒன்றை மீட்டர் பலகையிலும் இன்னொன்றைக் குளியலறை சாக்கெட்டிலும், ஒன்றை ஈபி தரும் மாறுதிசை மின்சாரத்திலும் இன்னொன்றை மல்டிமீட்டருக்குள் இருக்கும் பேட்டரியிலும் அளந்துவிட்டு, மூன்றையும் ஒரே வரியில் போட்டால் ஏதோ ஓர் எண் வரத்தான் செய்யும். ஆனால் அந்த எண்ணுக்கு உரிய பொருள் உங்கள் வீட்டில் எங்கும் இருக்காது.

முதலில் அடிப்படையை ஒரு முறை பார்த்துவிடுவோம். ஒரு கூலும் மின்னூட்டம் இரண்டு முனைகளுக்கு இடையே கடக்கும்போது ஒரு ஜூல் ஆற்றலைக் கொடுத்துவிட்டுப் போனால், அந்த முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தம் ஒரு வோல்ட். ஒரு விநாடிக்கு ஒரு கூலும் கடந்தால் மின்னோட்டம் ஓர் ஆம்பியர். ஆகவே வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் விநாடிக்கு இத்தனை ஜூல் என்று கிடைக்கும், அதுவே வாட். இந்தப் பெருக்கல், அலகுகளின் வரையறையிலிருந்தே நேராக வருவதால், பல்பு, மோட்டார், பேட்டரி, செல்போன் சார்ஜர் என எதற்கும், எந்த ஒரு கணத்துக்கும் தப்பாமல் பொருந்தும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து மின்தடை காண்பது அப்படிப்பட்டதன்று. அந்த வகுத்தலின் விடை ஒரு பொருளின் நிலையான குணமாக இருக்க வேண்டுமானால், அந்தப் பொருள் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். உங்கள் அயர்ன் பாக்ஸ் ஒத்துழைத்தது. மற்ற இரண்டும் ஒத்துழைக்கவில்லை.

அயர்ன் பாக்ஸின் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 222 ÷ 4.2 = 52.9 ஓம், 222 × 4.2 = 932 வாட். பெயர்த்தகட்டில் 230 வோல்ட், 1000 வாட் என்று இருப்பதால், 1000 ÷ 230 = 4.35 ஆம்பியர், 230 ÷ 4.35 = 52.9 ஓம். இரண்டு வழியிலும் ஒரே மின்தடை வந்துவிட்டது. ஆறிய நிலையில் நீங்கள் கண்ட 51 ஓமுக்கும் இதற்கும் உள்ள சிறு வேறுபாடுகூட நியாயமானதே, ஏனென்றால் உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பி, சூடேறும்போது தன் மின்தடையைச் சில விழுக்காடு மட்டுமே உயர்த்திக்கொள்ளும் உலோகக் கலவை; ஹீட்டர்களுக்கு அதைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அயர்ன் பாக்ஸை அளக்கும்போது தெர்மோஸ்டாட் இணைப்பில் இருக்கிறதா என்பதை, அதன் சிறு விளக்கு எரிகிறதா என்று பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்; துண்டித்திருக்கும் நேரத்தில் கிளாம்ப் மீட்டர் பூச்சியம்தான் காட்டும்.

1000 வாட் பெட்டி ஏன் 932 வாட் மட்டும் எடுத்தது என்று கேட்டால், பெயர்த்தகட்டில் உள்ள வாட் 230 வோல்ட்டுக்கு மட்டுமே தரப்பட்ட வாக்குறுதி. மின்தடை மாறாதிருக்கும்போது வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் அதே விகிதத்தில் குறைகிறது. இரண்டும் சேர்ந்து குறைவதால் திறன் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்து இறங்குகிறது. கோடை இரவில் தெரு முழுக்க ஏ.சி. ஓடும் நேரத்தில் வோல்ட்டேஜ் 190-க்கு வந்துவிட்டதென்று வைத்துக்கொண்டால், 190 ÷ 230 என்பதன் வர்க்கம் 0.68, அதே பெட்டி 680 வாட் அளவுக்கே சூடாகும். மின்னழுத்தத்தில் விழுந்தது 17 விழுக்காடு, வெப்பத்தில் விழுந்தது 32 விழுக்காடு.

இனி குண்டு பல்பு. ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி, வெப்பநிலை மாறாதிருக்கும் கடத்திக்கு உரியது. பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழையோ, சுவிட்ச் போட்ட சிறிது நேரத்துக்குள் அறை வெப்பநிலையிலிருந்து 2500 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்துக்குப் போய்விடுகிறது. டங்ஸ்டனின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் அரை விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக ஏறிக்கொண்டே போவதால், எரியும் பல்பின் மின்தடை ஆறிய பல்பைப் போல் சுமார் 14 மடங்கு ஆகிறது. ஆக 38 ஓம், 529 ஓம் இரண்டுமே அந்த இழையின் உண்மையான மின்தடைகள். முன்னது தூங்கும்போது, பின்னது வேலை செய்யும்போது. 100 வாட் என்பது எரியும்போது உள்ள கணக்காதலால் அதோடு சேர வேண்டியது 529.

அந்த 38 ஓமுக்கும் வேலை உண்டு. சுவிட்சைப் போட்ட முதல் கணத்தில் இழை இன்னும் ஆறியே இருப்பதால் 230 ÷ 38, அதாவது 6 ஆம்பியர் வரை பாயக்கூடும். சூடேறியதும் அது 0.43 ஆம்பியருக்கு வந்து நிற்கும். பழைய குண்டு பல்புகள் பெரும்பாலும் எரிந்துகொண்டிருக்கும்போது போகாமல், சுவிட்ச் போடும்போதே 'டப்' என்று ஃப்யூஸ் ஆனதற்கு இந்த முதல் கண வெள்ளம்தான் காரணம். எரியும் பல்பின் மின்தடையை நீங்களே அளக்க விரும்பினால், 0.43 ஆம்பியரை அளப்பதில் சாதாரண கிளாம்ப் மீட்டர் தடுமாறும். பல்புக்குப் போகும் ஒற்றை வயரைக் கிளாம்பின் வாய்க்குள் 10 சுற்று சுற்றி, காட்டும் 4.3-ஐப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் போவதும் வருவதும் ஒன்றையொன்று அழித்துவிடும். மீட்டர் பூச்சியம் காட்டும்.

மின்தடை கூடினால் திறன் கூடுமா குறையுமா என்ற கேள்விக்கு வருகிறேன். திறன் = மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை என்று ஒரு வரியும், திறன் = மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை என்று இன்னொரு வரியும் இருப்பதால், முன்னது கூடும் என்றும் பின்னது குறையும் என்றும் சொல்வதுபோல் தோன்றுகிறது. இரண்டும் ஒரே பெருக்கலை வேறு வேறாக எழுதியவைதாம். எதை எப்போது கையில் எடுப்பது என்பது, மின்தடை மாறும்போது எது மாறாமல் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே சாக்கெட் வரிசையில் பக்க இணைப்பாக உள்ள சாதனங்கள் எல்லாவற்றுக்கும் மின்னழுத்தம் பொது; அங்கே மின்தடை குறைந்ததே அதிக வாட் எடுக்கும். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் உள்ளவற்றுக்கு மின்னோட்டம் பொது. அங்கே மின்தடை மிகுந்ததே அதிக வாட் எடுக்கும்.

இதை வகுப்பில் எழுதிப் பார்ப்பதைவிட, மெக்கானிக் கடைகளில் இன்றும் வைத்திருக்கும் சீரிஸ் லேம்ப் போர்டில் பார்ப்பது நல்லது. அதில் 100 வாட் குண்டு பல்பு ஒன்று, சோதிக்கப்படும் பொருளோடு தொடர் இணைப்பில் இருக்கும். சோதிக்கும் இடத்தில் 40 வாட் குண்டு பல்பைப் போட்டால், 40 வாட் பல்பு ஓரளவு நன்றாக எரியும். 100 வாட் பல்பு மங்கிக் கிடக்கும். பார்ப்பவருக்கு அது தலைகீழாகத் தோன்றும். 40 வாட் பல்பின் மின்தடை 230 × 230 ÷ 40, அதாவது 1322 ஓம். 100 வாட் பல்பினுடையது 529 ஓம். மின்னோட்டம் இரண்டிலும் ஒன்றே என்பதால் மின்தடை மிகுந்த 40 வாட் பல்பே பெரும்பங்கு வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. 100 வாட் பல்பு சரியாகச் சூடேறாததால் அதன் மின்தடை 529-ஐ எட்டுவதே இல்லை. ஆகவே உண்மையில் அதன் பங்கு இந்தக் கணக்கு சொல்வதைவிடவும் குறைவு. சோதிக்கும் பொருளில் ஷார்ட் இருந்தால் 100 வாட் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுத்துவிடும், ஃப்யூஸ் போகாது. அந்தப் போர்டின் பயனே அதுதான்.

இப்போது, நீங்கள் கேட்காவிட்டாலும் உங்கள் தொழிலுக்கு மிகவும் வேண்டிய பகுதி. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் உள்ள பழைய வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும்: முன்பக்கம் குறுகல், உள்ளே நீளம், திண்ணைச் சுவரில் மீட்டர், கடைசியில் குளியலறை. மீட்டரிலிருந்து குளியலறைக்கு 25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் காலத்திலோ விளக்குக்காகப் போட்ட 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரிலேயே இப்போது 2000 வாட் ஹீட்டரையும் மாட்டியிருக்கிறார்கள். அந்த அளவு செம்பு வயரின் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 18.1 ஓம். மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்பதால் கணக்கில் சேர வேண்டிய நீளம் 50 மீட்டர். ஆக வயரின் மின்தடை 0.9 ஓம். ஹீட்டரின் மின்தடை 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம்.

மீட்டர் முனையில் 226 வோல்ட் இருக்கிறது என்று கொண்டால், மொத்த மின்தடை 27.35 ஓம், மின்னோட்டம் 8.26 ஆம்பியர். வயரில் விழுவது 7.5 வோல்ட், ஹீட்டர் முனைக்கு வந்து சேர்வது 218.5 வோல்ட். ஹீட்டரின் திறன் 218.5 × 8.26 = 1805 வாட்; வயரின் திறன் 7.5 × 8.26 = 62 வாட். இந்த 62 வாட்டும் யாருக்கும் வெந்நீராகப் போய்ச் சேராமல் சுவருக்குள் இருக்கும் குழாயைச் சூடாக்குகிறது. ஆனாலும் மீட்டரில் ஏறும். இங்கே ஒருவர் திண்ணையில் 226 வோல்ட்டையும் கிளாம்பில் 8.26 ஆம்பியரையும் அளந்து, ஹீட்டரின் மின்தடை 27.4 ஓம், திறன் 1867 வாட் என்று எழுதினால், வகுத்தலும் பெருக்கலும் சரியாக இருந்தும் விடை தவறு. அவர் அளந்தது ஹீட்டரையும் வயரையும் சேர்த்து. அதே இடத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருந்தால் வயரின் மின்தடை 0.37 ஓமுக்கும், வீணாகும் வெப்பம் 26 வாட்டுக்கும் இறங்கிவிடும்.

சுவரை உடைத்து வயரின் நீளத்தை அளக்காமலே அதன் மின்தடையைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. குளியலறை சாக்கெட்டில் ஹீட்டரை நிறுத்திவிட்டு ஒரு முறையும், ஓடவிட்டு ஒரு முறையும் வோல்ட்டை அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஹீட்டரின் ஆம்பியரால் வகுத்தால் போதும். 226 - 218.5 = 7.5, 7.5 ÷ 8.26 = 0.9 ஓம். வெளித்தெருவின் வோல்ட்டேஜ் நிமிடத்துக்கு நிமிடம் ஆடினால் இது ஏமாற்றும். ஆகையால் அமைதியான பிற்பகலில் இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றி எடுத்துச் சராசரி பாருங்கள். இப்படி வரும் விடையில் தெருக் கம்பியின் சிறு பங்கும் சேர்ந்தே இருக்கும். ஓம் தம் சோதனைகளின் தொடக்கத்தில் சந்தித்த தொல்லையும் இதைச் சேர்ந்ததே: அக்காலத்து மின்கலங்கள் மின்னோட்டம் எடுக்க எடுக்கத் தளர்ந்ததால், அவர் வெப்ப மின்னிரட்டையை (இரு உலோகங்களின் சந்திப்புகளுக்கு இடையே உள்ள வெப்ப வேறுபாட்டால் மின்சாரம் தருவதை) மூலமாக மாற்றிக்கொண்டார், அவர் கண்ட வாய்பாட்டில் சோதனைக் கம்பியின் மின்தடையோடு மீதிச் சுற்றின் மின்தடையும் ஒரு தனி உறுப்பாகச் சேர்ந்தே நின்றது.

வயரைவிடக் கொடியது லூஸ் காண்டாக்ட். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் உப்புக் காற்று செம்பையும் பித்தளையையும் விடுவதில்லை. பச்சைக் களிம்பு பிடித்த சாக்கெட் பின்னில் அரை ஓம் மின்தடை ஏறுவதற்கு அதிக ஆண்டுகள் வேண்டாம். மேலே சொன்ன ஹீட்டரின் ஆம்பியர் அதன் வழியே போனால், 8.26 × 8.26 × 0.5 = 34 வாட். சிறு வேலைகளுக்கான சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிட மிகுந்த வெப்பம் ஒரு சாக்கெட்டின் துளைக்குள், வெளியேற இடமில்லாமல் உட்கார்ந்துகொள்கிறது. பிளாஸ்டிக் கருகுவதும் நெடி வருவதும் அதனால்தான். இதில் ஹீட்டரின் ஆம்பியர் கூடுவதே இல்லை, சற்றுக் குறையத்தான் செய்கிறது, ஆதலால் ஆம்பியர் மிகுந்தால் மட்டுமே துண்டிக்கும் எம்.சி.பி. இதைக் கண்டுகொள்ளாது. மல்டிமீட்டரின் ஓம் அளவிலும் இது பிடிபடுவது கடினம், ஏனென்றால் அரை ஓமுக்கு நெருங்கிய மின்தடை மீட்டரின் இரண்டு வயர்களுக்கே உண்டு.

இந்த இடத்தில் பலர் கேட்கும் ஒரு துணைக்கேள்வியையும் தீர்த்துவிடலாம். அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் பழைய பிரிவுகள் ஒவ்வொன்றும் 210 மெகாவாட். இந்த வகை ஜெனரேட்டர் 15.75 கிலோவோல்ட்டில் முழுத்திறனைத் தரும்போது அதன் கம்பிகளில் ஏறத்தாழ 9,000 ஆம்பியர் ஓடும். அதை 230 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்பும்போது மின்னோட்டம் 620 ஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 1841-இல் ஜூல் கண்டபடி கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஒரே கம்பியில் இழப்பு 200-இல் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் இழப்பு கூடுவதாக அல்லவா வருகிறது என்று கேட்பார்கள். அந்தச் சூத்திரத்தில் போட வேண்டிய வோல்ட், கம்பியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடையே விழும் வோல்ட். கம்பிகளுக்கு இடையே உள்ள 230 கிலோவோல்ட்டுக்கு அங்கே வேலை இல்லை. வண்ணாரப்பேட்டை வீட்டில் 226-ஐ விட்டுவிட்டு 7.5-ஐ எடுத்தோமே, அதே கணக்குதான்.

மோட்டாருக்கு வருவோம். 224 ÷ 6.5 = 34.5; ஆனால் வைண்டிங்கின் மின்தடை 3 ஓம். மல்டிமீட்டர் தன் பேட்டரியின் நேர்திசை மின்சாரத்தால் அளப்பதால், செம்புக் கம்பியின் மின்தடை மட்டுமே அதற்குத் தெரியும். மாறுதிசை மின்சாரத்தில் அதே கம்பிச்சுருள் (காயில்), விநாடிக்கு 50 முறை சுழன்று மாறும் தன் காந்தப்புலத்தால் மின்னோட்டத்தை எதிர்க்கிறது. மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டார் சுழலத் தொடங்கியதும் அதன் எதிர்விளைவும் சேர்ந்துகொள்கிறது. இவை எல்லாம் சேர்ந்த மொத்த எதிர்ப்பே 34.5 ஓம், பாடநூல் அதை மின்னெதிர்ப்பு என்று சொல்லும், தொழிலில் இம்பீடன்ஸ் என்பார்கள். 3 ஓமை எடுத்துக்கொண்டு 224-இன் வர்க்கத்தை வகுத்தால் 16,700 வாட்டுக்கு மேல் வரும், ஒரு ஹெச்.பி. மோட்டார் 22 ஹெச்.பி. எடுப்பதாக முடியும். 3 ஓமை மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு சேர்த்தால் கணக்கு சரியாகும்: 6.5 × 6.5 × 3 = 127 வாட். மோட்டாரோடு இணைந்த கண்டென்சர் (மின்தேக்கி) வழியே போகும் பங்கைக் கணக்கில் கொள்ளாமல் பார்த்தால், வைண்டிங் வெறும் வெப்பமாக வீணடிப்பது ஏறத்தாழ இவ்வளவு.

இதே 127 வாட், மோட்டார் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். உப்பு நீரில் பல மாதம் ஓடாமல் கிடந்து தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் துருப்பிடித்துவிட்டால், சுவிட்ச் போட்டதும் ரோட்டார் சுற்றாது. மின்னோட்டம் வழக்கமானதைப் போல் ஐந்தாறு மடங்கு ஏறி நிற்கும். 35 ஆம்பியர் என்று கொண்டால் 35 × 35 × 3 = 3,675 வாட் அந்தச் சிறு காயிலுக்குள். மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும்போது உடனே அணைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதன் கணக்கு இதுதான்.

அப்படியானால் மோட்டாரின் திறன் 224 × 6.5 = 1456 வாட்டா என்றால், அதுவும் இல்லை. எந்தக் கணத்துக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பெருகினால் வாட் என்று முன்பு சொன்னது உண்மைதான். ஆனால் மீட்டர் காட்டுவது ஒரு கணத்தின் மதிப்பை அன்று, முழுச் சுழற்சிக்கும் ஒருவகைச் சராசரியான பயனுறு மதிப்பை. கம்பிச்சுருள் உள்ள சுமையில் மின்னோட்ட அலை மின்னழுத்த அலைக்குச் சற்றுப் பிந்தி வருவதால், ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்ச நேரம் சுமையே ஆற்றலை லைனுக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே 1456 என்பதை வோல்ட்-ஆம்பியர் என்று எழுத வேண்டும். அதைத் திறன் காரணியால், அதாவது பவர் ஃபேக்டரால் பெருக்கினால்தான் வாட் வரும். காப்பர் சோக் போட்ட பழைய 40 வாட் டியூப்லைட் இதற்கு நல்ல சான்று: 230 வோல்ட்டில் 0.43 ஆம்பியர் எடுப்பதால் பெருக்கல் 99 வரும். ஆனால் டியூபும் சோக்கும் சேர்ந்து உண்மையில் எடுப்பது 50 வாட்டுக்குச் சற்று மேல். வீட்டு மீட்டர் பதிவது இந்த வாட்டைத்தான்.

அந்த மீட்டரையே நீங்கள் வாட் மீட்டராகப் பயன்படுத்தலாம் என்பது பல மாணவர்களுக்குத் தோன்றுவதில்லை. மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிவப்பு விளக்கு மினுக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். அது 3200 என்றால், ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல் ஆதலால், ஒரு மினுக்கு 1125 ஜூல். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அயர்ன் பாக்ஸை மட்டும் ஓடவிட்டுப் பத்து இடைவெளிகளுக்கு நேரம் பாருங்கள். ஒரு மினுக்கைப் பூச்சியம் என்று தொடங்கி எண்ண வேண்டும். ஏறக்குறைய 12 விநாடி வந்தால் 11,250 ÷ 12 = 937 வாட்; கையால் பெருக்கிய 932-க்கு வெகு அருகில். அதே சோதனையை மோட்டாருக்குச் செய்து 10 விநாடி வருகிறதென்றால் 1125 வாட்; அதை 1456-ஆல் வகுத்தால் திறன் காரணி 0.77 என்று கிடைத்துவிடும். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். அது மோட்டார் தண்டு வெளியே தரும் திறன். முழுச்சுமையில் 1125 வாங்கி 746 தந்தால் பயனுறுதிறன் 66 விழுக்காடு. சிறிய ஒற்றை ஃபேஸ் மோட்டாருக்கு இது வியப்புக்குரியதன்று.

மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு லைன் வோல்ட், லைன் ஆம்பியர், திறன் காரணி மூன்றையும் பெருக்கி, மேலும் 1.732-ஆல் பெருக்க வேண்டும். காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி ஒன்றில் 10 ஹெச்.பி. மோட்டார் 415 வோல்ட்டில் 14 ஆம்பியர், திறன் காரணி 0.85 என்று ஓடினால் உள்ளே போவது 8,550 வாட். 87 விழுக்காடு பயனுறுதிறனில் வெளியே வருவது 7,440 வாட், அதாவது ஏறத்தாழ 10 ஹெச்.பி. எல்.இ.டி. பல்பு, கணினி போன்றவற்றுக்கு மின்தடை கண்டுபிடிக்க முயல வேண்டாம். அவற்றுக்குள் இருக்கும் சுற்று, வோல்ட் மாறினாலும் வாட்டை ஒரே அளவில் வைத்திருக்க முயலும் வகையாக இருந்தால், வோல்ட் குறையும்போது ஆம்பியர் ஏறக்கூடச் செய்யும்.

துல்லியம் பற்றி ஒரு சொல். உங்கள் வோல்ட் அளவில் 1 விழுக்காடும் ஆம்பியர் அளவில் 2 விழுக்காடும் பிழை இருக்கக்கூடுமானால், மின்தடையிலும் திறனிலும் 3 விழுக்காடு வரை பிழை வரலாம், ஆகவே 52.857 என்று மூன்று தசமம் எழுதுவதில் பொருளில்லை, 53 என்றே எழுதுங்கள்.

ஓம் அளக்கும்போது சாதனத்தின் பிளக் சாக்கெட்டில் இருக்கவே கூடாது. மோட்டாரானால் கண்டென்சரை முறையாக டிஸ்சார்ஜ் செய்துவிட்டே கை வைக்க வேண்டும். மல்டிமீட்டரின் சிவப்பு வயர் ஆம்பியர் துளையில் இருக்கும் நிலையிலேயே வோல்ட் அளக்கப் போனால் அது நேர் ஷார்ட். ஏனெனில் ஆம்பியர் அளவில் மீட்டரின் மின்தடை ஓமில் சிறு பின்னமே. சாக்கெட்டில் சுமையோடு வோல்ட் அளக்கும் சோதனையைப் பயிற்சி ஆசிரியர் உடனிருக்கும்போது செய்யுங்கள். ஈரமான உடம்பின் மின்தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும்; 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் வீட்டு ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும்படி வைக்கப்பட்டிருப்பது அதற்காகத்தான். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் மழைநீர் வீட்டுக்குள் வந்து போன வாரங்களில், சுவரும் சுவிட்ச் பெட்டியும் முழுக்கக் காயும்வரை இந்தச் சோதனைகளைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் ஆர்.சி.சி.பி.-யின் டெஸ்ட் பட்டனை அழுத்தி அது விழுகிறதா என்று பாருங்கள்.